முதல் பாட்டை நீங்களே வெளியிடுவது எப்படி? பேர், பத்திரம், தேதி

போன வருடம் நானும் என் நண்பன் ஒருவனும் சேர்ந்து ஒரு பாட்டு வெளியிட்டோம். வரி அவனுடையது, மெட்டு என்னுடையது. பாட்டு போட ஒன்பது நாள் ஆனது. அதை ஸ்பாட்டிஃபை, ஜியோசாவன், யூடியூப் என்று எல்லா இடத்திலும் சரியான பேரோடு, பணம் வரும்படி நிற்க வைக்க ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதத்தில் இசை சம்பந்தப்பட்ட வேலை ஒன்றுகூட இல்லை. எல்லாம் படிவம், பான் கார்டு, மின்னஞ்சல், காத்திருப்பு. லேபிள், அதாவது இசை நிறுவனம், இல்லாமல், சொந்தக் காசில் முதல் சிங்கிளை, அதாவது தனிப்பாட்டை, வெளியிடப்போகிற உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். வரிசை முக்கியம், நான் தலைகீழாகச் செய்தேன்.

1. பங்கு யாருக்கு எவ்வளவு: மிக்ஸிங்குக்கு முன்பே எழுதிவிடுங்கள்

ஒரு பாட்டில் ஒரு சொத்து அல்ல, குறைந்தது மூன்று இருக்கின்றன. வரிகள் எழுதியவருக்குச் சொந்தம். மெட்டு இசையமைத்தவருக்குச் சொந்தம். பதிவு, அதாவது மாஸ்டர், அதைத் தயாரிக்கும் பொறுப்பை யார் எடுத்துக்கொண்டாரோ அவருக்குச் சொந்தம். பாடியவருக்குத் தனியாக நிகழ்த்துநர் உரிமை உண்டு.

நாங்கள் டீக்கடையில் நின்று "பாதி பாதி" என்று பேசி முடித்தோம். நான் நினைத்த பாதி, செலவு கழித்து வருவதில் பாதி. அவன் நினைத்த பாதி, வருவதில் பாதி. செலவு என் தலையில். இரண்டு பேரும் நியாயமாகத்தான் நினைத்திருந்தோம். எழுதாமல் விட்டதுதான் தப்பு.

ஒரு பக்கத் தாள் போதும். அதில் இவை இருக்கட்டும்: பாட்டின் பேர், தேதி, ஒவ்வொருவரின் சட்டப்படியான பேரும் பான் எண்ணும், வரிக்கு எத்தனை சதவீதம், மெட்டுக்கு எத்தனை, மாஸ்டருக்கு எத்தனை, செலவை யார் போட்டது, அது முதலில் கழியுமா, கணக்கு யார் கையில், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பிரிப்பது. கீபோர்டு வாசித்தவர், புரோகிராமிங் செய்தவர் ஒரே தொகை வாங்கிக்கொண்டு விலகுகிறார் என்றால் அதையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முத்திரைத்தாளில் இரண்டு சாட்சியோடு இருந்தால் நல்லது. என்ன மதிப்புக்கு என்பதைப் பத்திரம் விற்பவரே சொல்வார்.

யாராவது "உரிமையை எனக்கு எழுதிக் கொடு" என்று தாள் நீட்டினால் இரண்டு இடத்தைப் பாருங்கள். நம் பதிப்புரிமைச் சட்டப்படி, எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு என்று கணக்கு. எந்தெந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் "நிரந்தரமாக, உலகம் முழுவதும்" என்று கவனமாக எழுதிக்கொண்டு வருவார்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டிப் பங்கை (பாட்டைப் பயன்படுத்துவதற்காக வரும் உரிமைத் தொகை) விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்து போட்டாலும் அது செல்லாது. இது தெரியாமல் நல்ல பாட்டுக்காரர்கள் பலர் "எல்லாம் போச்சு" என்று உட்கார்ந்திருக்கிறார்கள்.

2. பேர்: இனிஷியல் உங்களைப் பழிவாங்கும்

நமக்கு மட்டுமே வரும் சிக்கல் இது. எந்த வெளிநாட்டு வீடியோவிலும் இதைச் சொல்ல மாட்டார்கள்.

உதாரணத்துக்கு உங்கள் பேர் மு. குமரன் என்று வைத்துக்கொள்வோம். ஆதாரில் "குமரன் மு" என்று இருக்கும். பான் கார்டில் இனிஷியலை விரிக்கச் சொன்னதால் "முருகேசன் குமரன்". வங்கிப் புத்தகத்தில் "எம். குமரன்". இப்போது பாட்டை ஏற்றும் படிவம் முதல் பேர், கடைசிப் பேர் என்று இரண்டு கட்டத்தைக் காட்டுகிறது. என்ன எழுதுவீர்கள்?

நான் பான் கார்டைப் பார்த்து அப்படியே எழுதினேன். பணம் வாங்கும் பகுதிக்கு அது சரிதான். ஆனால் அதே பேரை இசையமைப்பாளர் கட்டத்திலும் ஒட்டினேன். ஒரு தளம் முதல் பாதியை மட்டும் பெரிதாகக் காட்டியது. பாட்டு வெளியான அன்று கிரெடிட்டில் இசை என்று என் அப்பா பேர் வந்தது. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர், போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "நான் எப்படா மெட்டு போட்டேன்?" என்றார். சிரித்தோம். அதைத் திருத்த ஆறு வாரம் ஆனது.

செய்ய வேண்டியது இது:

மேடைப் பேர் ஒன்று முடிவு செய்து, அதன் ஆங்கில எழுத்துக்கூட்டலை ஒரே மாதிரி எல்லா இடத்திலும் போடுங்கள். அதற்கு முன் ஸ்பாட்டிஃபையிலும் யூடியூபிலும் அந்தப் பேரைத் தேடிப்பாருங்கள். ஏற்கெனவே ஒருவர் இருந்தால் உங்கள் பாட்டு அவருடைய பக்கத்தில் போய் உட்காரும், அவர் பாட்டு உங்களுக்கு வரும். வெறும் "அருண்", "பிரியா" எல்லாம் வேண்டவே வேண்டாம்.

எழுதியவர், இசையமைத்தவர் கட்டத்தில் மேடைப் பேரை ஏற்க மாட்டார்கள். முழுப் பேர் கேட்பார்கள். அங்கே உங்கள் பேர் முதல் கட்டத்திலும், அப்பா பேர் அல்லது விரித்த இனிஷியல் இரண்டாம் கட்டத்திலும் வரட்டும். பின்னால் ராயல்டி சங்கத்தில் சேரும்போதும் இதே வடிவம்தான்.

பணம், வருமான வரி சம்பந்தப்பட்ட கட்டங்களில் மட்டும் பான் கார்டில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து. வங்கிக் கணக்குப் பேர் அதோடு ஒத்துப்போகவில்லை என்றால் இப்போதே கிளைக்குப் போய் மாற்றிவிடுங்கள். பணம் வந்து திரும்பிப் போன பிறகு மாற்றுவது இரட்டை வேலை.

3. பீட் வாங்கினீர்களா? லைசென்ஸைக் கடைசி வரி வரை படியுங்கள்

பீட் என்பது மேலே பாடுவதற்காக முன்பே செய்துவைத்த தாள இசை. இணையத்தில் அதை வாங்கும்போது பெரும்பாலும் நாம் வாங்குவது வாடகை உரிமை. அதே பீட்டை வேறு நூறு பேரும் வாங்கியிருக்கலாம். எத்தனை ஸ்ட்ரீம் (தளத்தில் ஒருவர் ஒருமுறை கேட்பது) வரை செல்லும், எத்தனை ஆண்டு, வீடியோவுக்கு உண்டா என்று எல்லை போட்டிருப்பார்கள். அந்தத் தாளைச் சேமித்து வையுங்கள். பாட்டு ஏற்றும்போது கேட்பார்கள்.

எங்கள் பாட்டின் தாளம் அப்படி வாங்கியதுதான். ஏற்றும்போது "யூடியூப் கன்டென்ட் ஐடி வேண்டுமா?" என்று ஒரு கட்டம் வந்தது. வேண்டாம் என்று யார் சொல்வார்? டிக் செய்தேன். கன்டென்ட் ஐடி என்பது உங்கள் ஒலியைப் பிறர் வீடியோவில் கண்டுபிடித்து உரிமை கோரும் இயந்திரம். அதற்குக் குரல் வேறு, பீட் வேறு என்று தெரியாது. இரண்டாவது வாரம், அதே பீட்டில் பாடிய யாரோ ஒரு பிரேசில் பையனின் வீடியோ மேல் என் பேரில் கோரிக்கை விழுந்தது. பீட் போட்டவர் எனக்குக் கோபமாக எழுதினார். நியாயமான கோபம். வாடகை பீட், ரெடிமேட் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் சின்ன இசைத் துண்டு), இவை பாட்டில் இருந்தால் அந்தக் கட்டத்தைத் தொடாதீர்கள். தனி உரிமையோடு வாங்கியிருந்தாலோ, எல்லாம் உங்கள் சொந்த வாசிப்பாக இருந்தாலோ மட்டும் டிக் செய்யுங்கள்.

கவர் பாட்டு பற்றி ஒரு வார்த்தை. சினிமாப் பாட்டை நீங்களே வாசித்துப் பாடி யூடியூபில் போட்டால் பெரும்பாலும் உரிமை கோரிக்கை வந்து, விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகும்; வீடியோ அப்படியே இருக்கும். ஆனால் அதையே ஸ்பாட்டிஃபைக்கு அனுப்ப உரிமம் வேண்டும். சட்டத்தில் கவர் பதிவுக்கென்று ஒரு வழி இருக்கிறது: மூலப் பதிவு வந்த ஆண்டு முடிந்து 5 ஆண்டு ஆகியிருக்க வேண்டும், முன்கூட்டி அறிவிப்பு கொடுத்து, ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கான ராயல்டியை முன்பணமாகக் கட்ட வேண்டும். நம் கைக்கு எட்டாது. கரோக்கி டிராக் மேல் பாடுவது இன்னும் மோசம், அது அவர்களுடைய பதிவையே எடுப்பது. முதல் வெளியீடு சொந்தப் பாட்டாக இருக்கட்டும்.

4. ஸ்டுடியோவிலிருந்து வெறும் கையோடு வராதீர்கள்

மாஸ்டர் வேவ் கோப்பு (சுருக்காத ஒலிக் கோப்பு), 44.1 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். குரல் இல்லாத இன்ஸ்ட்ருமென்டல் வேவ். குரல் மட்டும் உள்ளது. முடிந்தால் ஸ்டெம்கள், அதாவது ஒவ்வொரு பகுதியும் தனித்தனிக் கோப்பாக, முழுதும். இவற்றை மீதிப் பணம் கொடுக்கும் அன்றே பென் டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து மேடையில் பாட இன்ஸ்ட்ருமென்டல் கேட்டால் "ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு ப்ரோ" என்ற பதில் வர நல்ல வாய்ப்பு உண்டு.

எம்பி3-ஐ வேவாக மாற்றி அனுப்பாதீர்கள், தரம் திரும்பி வராது. சத்தம் அதிகமாக வேண்டும் என்று மாஸ்டரிங் (கடைசி ஒலிச் சீரமைப்பு) செய்பவரை நெருக்கவும் வேண்டாம். ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் சுமார் மைனஸ் 14 லஃப்ஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கும். நசுக்கி ஏற்றிய சத்தத்தை அது இறக்கிவிடும். நசுங்கல் மட்டும் மிஞ்சும்.

5. அட்டைப்படம்

சதுரம், 3000 × 3000 பிக்சல், ஜேபெக். இன்ஸ்டா ஐடி, தொலைபேசி எண், இணைய முகவரி, ஸ்பாட்டிஃபை சின்னம், "விரைவில்" என்ற சொல், எதுவும் இருக்கக் கூடாது. படத்தில் உள்ள பேரும் படிவத்தில் உள்ள பேரும் ஒன்றாக இருக்க வேண்டும். கூகுளில் எடுத்த நடிகர் படம் வேண்டாம். எங்கள் டிசைனர் தம்பி ஓரத்தில் தன் இன்ஸ்டா ஐடியைச் சின்னதாகப் போட்டிருந்தான். அதற்காகப் பாட்டைத் திருப்பி அனுப்பியதில் நான்கு நாள் போனது.

6. டிஸ்ட்ரிபியூட்டர்: யார் வழியாக அனுப்புவது

ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், ஜியோசாவன் எதிலும் நாமே நேரடியாகப் பாட்டை ஏற்ற முடியாது. நடுவில் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் வேண்டும். டிஸ்ட்ரோகிட், டியூன்கோர், சிடி பேபி போன்றவை பரவலானவை. கட்டணம் மூன்று விதம்: ஆண்டுச் சந்தா கட்டி எத்தனை பாட்டும் ஏற்றுவது, பாட்டுக்கு ஒருமுறை கட்டிவிட்டு வருமானத்தில் ஒரு பங்கு கொடுப்பது (சிடி பேபி எடுப்பது 9 சதவீதம்), இலவசமாக ஏற்றி, வருமானத்தில் பெரிய பங்கு கொடுப்பது.

வருடத்துக்கு ஒன்றிரண்டு பாட்டுதான் என்றால் ஒருமுறைக் கட்டணமே மலிவு என்பது என் கணக்கு. ஆண்டுச் சந்தாவில் ஒரு பொறி இருக்கிறது: கார்டு காலாவதியாகிச் சந்தா நின்றால், தனியாகப் பணம் கட்டி வைக்காத பாட்டு தளங்களிலிருந்து இறங்கிவிடலாம். யூடியூப் கன்டென்ட் ஐடி, பணத்தைப் பிரித்துத் தருவது போன்றவற்றுக்குத் தனிக் கட்டணமா என்றும் பாருங்கள். முதல் பக்க விலையை மட்டும் நம்பாதீர்கள்.

ஏற்றும்போது பாட்டுக்கு ஐஎஸ்ஆர்சி என்ற 12 எழுத்து எண் கிடைக்கும். பாட்டின் ஆதார் எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரே இலவசமாகத் தருவார். தனியாக வாங்கித் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் நகர்ந்துவிடுங்கள். அதைக் குறித்து வையுங்கள். நாளை வேறு டிஸ்ட்ரிபியூட்டருக்கு மாறும்போது அதே எண்ணைக் கொடுத்தால்தான் பழைய ஸ்ட்ரீம் கணக்கு கூடவே வரும்.

மொழி என்ற கட்டத்தில் தமிழ் என்று தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். நான் ஆங்கிலம் என்றே விட்டிருந்தேன்.

பழைய யூடியூப் வழிகாட்டிகளில் ரெசோ, விங்க் என்றெல்லாம் பாட்டுத் தளங்களின் பேர் வரும். இரண்டும் 2024-இல் கடையைக் கட்டிவிட்டன.

7. தேதியைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

வெள்ளிக்கிழமை வெளியிடுவது உலக வழக்கம். கட்டாயம் இல்லை என்றாலும் புதுப் பாட்டுப் பட்டியல்கள் அன்றுதான் புதுப்பிக்கப்படுகின்றன. பெரிய நடிகர் படத்தின் முதல் சிங்கிள் வரும் வாரத்தைத் தவிருங்கள். உங்கள் சித்தி மகன்கூட உங்கள் லிங்கைத் திறக்க மாட்டான்.

அந்த வெள்ளிக்கு நான்கு வாரம் முன்பே பாட்டை ஏற்றிவிடுங்கள். திருப்பி அனுப்பினால் திருத்த ஒரு வாரம் கையில் இருக்கும். தளத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ் கணக்கைத் திறந்து, பிளேலிஸ்ட் ஆசிரியர்களுக்குப் பாட்டை முன்வையுங்கள். இதற்குக் காசு கிடையாது. வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பு செய்தால், தேர்வாகாவிட்டாலும், உங்களைப் பின்தொடர்பவர்களின் ரிலீஸ் ரேடாரில் (ஸ்பாட்டிஃபை வாராவாரம் தரும் புதுப் பாட்டுப் பட்டியல்) பாட்டு வந்துவிடும். பாட்டு வெளியான பிறகு முன்வைக்க வழியே இல்லை. நான் வெளியான மறுநாள் அந்தப் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பொங்கலுக்கு விடுவதானால் டிசம்பர் முதல் வாரத்திலேயே ஏற்றிவிடுங்கள். கிறிஸ்துமஸ் விடுமுறையில் டிஸ்ட்ரிபியூட்டரிடம் ஆள் இருக்க மாட்டார்கள்.

வெளியாகும் முன் டீசர் ரீல் போடுவதில் ஒரு கவனம். உங்கள் ரீலின் ஒலியை மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்தினால் அது அதிகாரப்பூர்வ ஒலியோடு சேராது. பத்து நொடிக்குமேல் விடாதீர்கள். வெளியான பிறகு, இன்ஸ்டாவின் இசை நூலகத்தில் வந்த ஒலியை வைத்தே ரீல் போடச் சொல்லுங்கள்.

இந்த நேரத்தில்தான் இன்பாக்ஸில் ஒருவர் வருவார்: "ப்ரோ, 999 ரூபாய்க்குப் பத்தாயிரம் ஸ்ட்ரீம்." வேண்டாம். போலி ஸ்ட்ரீம் கண்டுபிடிக்கப்பட்டால் பாட்டு இறங்கும், அபராதமும் டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக உங்கள் தலையில் விழும். நீங்கள் கேட்காமல் யாரோ ஒரு பிளேலிஸ்டில் சேர்த்து இப்படி ஆனவர்களும் உண்டு. திடீரென்று தெரியாத நாட்டிலிருந்து எண்ணிக்கை ஏறினால் உடனே டிஸ்ட்ரிபியூட்டருக்கு எழுதிப் பதிவு வைத்துக்கொள்ளுங்கள்.

8. பதிப்புரிமைப் பதிவும் ஐபிஆர்எஸ்-உம்

பாட்டு உருவான நிமிடமே பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது; பதிவு செய்தால்தான் உண்டு என்பது தவறு. ஆனால் தகராறு வந்தால் பதிவுச் சான்று கையில் இருப்பது பலம். அரசின் பதிப்புரிமை அலுவலக இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். வரிக்குத் தனி விண்ணப்பம், 500 ரூபாய். மெட்டுக்குத் தனி, 500 ரூபாய். ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய். விண்ணப்பித்ததும் டயரி எண் வரும், ஆட்சேபத்துக்காக 30 நாள் காத்திருப்பு, அதன்பின் பரிசோதனை. சான்று வர மாதக்கணக்கில் ஆகும். பாட்டில் இன்னொருவர் பங்கு இருந்தால் அவருடைய தடையில்லாச் சான்றும் சேர வேண்டும். கை இறுக்கமாக இருந்தால் வரிக்கும் மெட்டுக்கும் மட்டும் செய்யுங்கள்.

பதிவைவிட முக்கியம் ஐபிஆர்எஸ். பாடலாசிரியர், இசையமைப்பாளருக்கான ராயல்டியைத் திரட்டித் தரும் சங்கம் அது. டிஸ்ட்ரிபியூட்டர் தருவது மாஸ்டருக்கான பணம். வரிக்கும் மெட்டுக்குமான பணம் இந்த வழியாக வருகிறது. பான், ஆதார், ரத்து செய்த காசோலை, புகைப்படம், வெளியான பாட்டின் விவரம் தயாராக வையுங்கள். அதனால் பாட்டு வெளியான பிறகுதான் இந்த வேலை. உறுப்பினர் ஆனதோடு விட்டுவிடாதீர்கள், ஒவ்வொரு பாட்டையும் யாருக்கு எத்தனை சதவீதம் என்று தனித்தனியாகப் பதிய வேண்டும். முதல் படிநிலையில் எழுதிய தாள் இங்கேதான் சோறு போடும். டிஸ்ட்ரிபியூட்டர் "பப்ளிஷிங்கும் (வரி, மெட்டுக்கான பணத்தைத் திரட்டுவது) நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று ஒரு கட்டம் காட்டியிருப்பார். ஐபிஆர்எஸ்-இல் சேரப்போகிறவர்கள் அதை டிக் செய்தால் ஒரே உரிமையை இரண்டு பேருக்குக் கொடுத்ததாகச் சிக்கும்.

பாடகர்களுக்கு இசம்ரா என்று தனிச் சங்கம் இருக்கிறது.

9. பணம்: எவ்வளவு, எப்போது

அமெரிக்க டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் டபிள்யூ-8 பென் என்ற வரிப் படிவம் கேட்பார்கள். பயப்பட வேண்டாம், ஐந்து நிமிட வேலை. வெளிநாட்டு வரி எண் என்ற இடத்தில் பான். ஒப்பந்த நாடு இந்தியா. ஒழுங்காக நிரப்பினால் அமெரிக்காவிலிருந்து வரும் வருமானத்தில் மட்டும் 15 சதவீதம் பிடிப்பார்கள், விட்டுவிட்டால் 30. யூடியூபும் இதே விவரத்தைக் கேட்கும். கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின் மூன்றாவது ஆண்டின் கடைசி நாளோடு படிவம் காலாவதியாகும்.

யூடியூபில் விளம்பர வருமானம் வர 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்தில் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும். அல்லது 90 நாளில் ஷார்ட்ஸ் பார்வை 1 கோடி. ஸ்பாட்டிஃபையில் 30 நொடி கேட்டால்தான் ஒரு ஸ்ட்ரீம். அதோடு 2024 முதல் ஒரு பாட்டுக்குக் கடந்த 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீம் இருந்தால்தான் மாஸ்டருக்கான ராயல்டியே தொடங்கும். ஆகவே ஒரே நாளில் ஆறு பாட்டைக் கொட்டாமல் ஒன்றையே எல்லாரிடமும் கொண்டுபோய் ஆயிரம் தாண்டவைப்பது புத்திசாலித்தனம்.

எங்கள் செலவு: குரல் பதிவு 4 மணிநேரம் 3,200. மிக்ஸ், மாஸ்டர் 9,000. பீட் 2,500. அட்டை 1,500. லிரிக் வீடியோ 3,000. டிஸ்ட்ரிபியூட்டருக்கு 2,000. மொத்தம் 21,200 ரூபாய். வீட்டில் மைக் இருந்தால் முதல் செலவு போய்விடும். மாஸ்டரிங்கில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

வரவு: முதல் ஏழு மாதத்தில் எல்லாத் தளமும் சேர்த்து 1,340 ரூபாய். ஆனால் பாட்டைக் கேட்டுவிட்டு ஒரு கல்லூரியில் பாடக் கூப்பிட்டார்கள். அதில் வந்தது 8,000. இரண்டையும் நோட்டில் எழுதிவைத்து நண்பனுக்குக் காட்டினேன். பாதி எது என்று இப்போது தாளில் இருப்பதால் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

ஸ்ட்ரீம் நடந்த மாதத்துக்கும் பணம் உங்கள் கணக்கில் தெரியும் நாளுக்கும் இடையே இரண்டு மூன்று மாதம் இருக்கும், அதன்பின் எடுக்கக் குறைந்தபட்சத் தொகை சேர வேண்டும். தையில் விட்ட பாட்டுக்குச் சித்திரைக்கு முன் கணக்கைத் திறந்து பார்ப்பது வீண்.